அம்பு எங்கே போய் நிற்கும்? வீட்டில் வில் பயிற்சிக்கு டார்கெட் வாங்கும் முன்...

திருப்பூரில் ஒரு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. 12 வயது மகள் நாணை இழுத்து விட்டதும் அம்பு மஞ்சள் வட்டத்தின் நடுவில் பட்டது. ஓரமாக உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த அம்மா கை தட்டினார். மகளின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. டார்கெட்டில் அம்பைக் காணவில்லை.

அம்பு டார்கெட்டைத் துளைத்து வெளியேறி, பின்னால் கொடியில் காய்ந்த சேலையில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பத்தாவின் சேலை. அதை உதறிக் காயப்போட்டுவிட்டு அவர் கீழே இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அவர் அங்கே நின்றிருந்தால் ஓட்டை விழுந்த இடம் சரியாக நெஞ்சு உயரம்.

"ஏனுங்க, இத்தோட போதும். இனி வீட்ல வில்லே வேண்டாமுங்க" என்று அம்மா சொல்லிவிட்டார். அப்பத்தா சேலையை விரித்துப் பார்த்தார். மடிப்பில் புகுந்த அம்பு நான்கு ஓட்டை போட்டிருந்தது. "சேலை போனாப் போகுது, சாமி. நீ ஏன் அழுவற?" என்று பேத்தியைச் சமாதானம் செய்தார். ஆனால் பேத்தி அழுதது சேலைக்காக அல்ல. பள்ளியில் வாரம் இரண்டு நாள்தான் பயிற்சி. வீட்டிலும் நிறுத்திவிட்டால் அவ்வளவுதான்.

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு டார்கெட் மேல்தான் கோபம். ஆன்லைனில் 1,400 ரூபாய். 'நீண்ட நாள் உழைக்கும்' என்று போட்டிருந்தார்கள். வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. மறுநாள் மாலை அதைத் தூக்கிக்கொண்டு மகளின் பயிற்சியாளரிடம் போனார்.

பயிற்சியாளர் டார்கெட்டைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். "அண்ணா, இது மோசமான டார்கெட் இல்லீங்க. இதோட ஆயுசு முடிஞ்சு போச்சு. அதை யாரும் கவனிக்கல. அவ்வளவுதான்" என்றார்.

மாதக் கணக்கு அல்ல, அம்புக் கணக்கு

செருப்பு எத்தனை மாதம் வரும் என்று கேட்பதுபோல டார்கெட் எத்தனை மாதம் வரும் என்று கேட்பதுதான் முதல் தவறு. டார்கெட் தேய்வது நாளால் அல்ல, அம்பால்.

இந்த வீட்டுக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு சுற்றுக்கு 6 அம்பு, ஒரு நாளைக்கு 10 சுற்று. ஆக 60 அம்பு. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம் என்றால் 1,500 அம்பு. அதில் மூன்றில் ஒன்று நடுவில் பட்டிருந்தால்கூட, உள்ளங்கை அகலமுள்ள ஓர் இடத்தில் மட்டும் 500 முறை குத்து விழுந்திருக்கிறது. ஓரங்கள் புதிது மாதிரியே பளபளப்பாக இருந்தன. நடு மட்டும் சல்லடையாகிவிட்டது. அதன்மேல் ஒட்டியிருந்த புதுத் தாள் அந்தச் சல்லடையை மறைத்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை நன்றாகக் குறி பார்க்கப் பழகப் பழக டார்கெட் சீக்கிரம் சாகும். முதல் வாரத்தில் அம்புகள் நாலா பக்கமும் சிதறுவதால் தேய்மானமும் பரவுகிறது. கை நிலைத்துவிட்டால் எல்லா அம்பும் ஒரே இடத்தில்தான். எனவே 'நீடித்து உழைக்கும்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது. அது உழைத்து முடித்த கடைசி நாளில் அம்பு எங்கே போய் நிற்கும் என்பதையும் சேர்த்து யோசித்து வாங்க வேண்டும்.

முதல் கேள்வி வில்லைப் பற்றி

டார்கெட் கடையில் பயிற்சியாளர்கள் முதலில் கேட்பது விலையை அல்ல, வில்லின் இழுவிசையை. அது பவுண்டு கணக்கில் வில்லிலேயே எழுதியிருக்கும். இந்தச் சிறுமியின் கையில் இருப்பது 20 பவுண்டு ரிகர்வ் வில். முனைகள் வெளிப்பக்கம் வளைந்த, ஒலிம்பிக்கில் பார்க்கும் அதே வகையில் பழகுபவருக்கான சின்ன வில். சக்கரங்கள் வைத்த காம்பவுண்ட் வில் வேறு ரகம். பெரியவர்கள் பயன்படுத்தும் காம்பவுண்ட் வில்லின் அம்பு மிக வேகமாகப் பாயும். வேகம் இரண்டு மடங்கானால் அம்பின் ஆற்றல் நான்கு மடங்காகும். அண்ணனின் காம்பவுண்ட் வில்லுக்குத் தங்கையின் டார்கெட் போதாது.

இதன் மறுபக்கத்தைப் பலர் யோசிப்பதில்லை. குழந்தையின் மெல்லிய வில்லுக்கு மிகக் கெட்டியான டார்கெட்டும் ஆபத்துதான். பழைய டயர் ரப்பர், மரப்பலகை போன்றவை 'எவ்வளவு அடிச்சாலும் தாங்கும்' என்று தோன்றும். அவை தாங்கும். ஆனால் அம்பு உள்ளே இறங்காமல் எகிறித் திரும்பி, விட்டவர் மேலேயே வரலாம். நல்ல டார்கெட் அம்பை முட்டி நிறுத்துவதில்லை. உள்ளே வாங்கி, பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்து நிறுத்துகிறது.

எந்த டார்கெட் எப்படி?

தெர்மாகோல்: டிவி பெட்டியோடு வந்த தெர்மாகோலைப் பார்த்ததும் பலருக்கு வரும் முதல் யோசனை இதுதான். விலை இல்லை, எடை இல்லை. ஆனால் சில பத்து அம்புகளிலேயே மணி மணியாக உதிர ஆரம்பிக்கும். அந்த மணிகள் மாடி முழுக்கப் பறந்து சாக்கடை வரை போகும். வேகமான அம்பின் உராய்வுச் சூட்டில் உருகி, அம்பின் உடலில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். வீட்டில் எந்த வயதினருக்கும் ஏற்றதல்ல.

ஒரே கட்டி ஃபோம்: இந்த வீட்டில் இருந்தது இதுதான். லேசான வில்லுக்கு ஆரம்பத்தில் நன்றாக இருக்கும். நடுவில் ஓட்டை விழுந்துவிட்டால் அதைச் சரி செய்ய வழியில்லை. மொத்தமாகத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

அடுக்கு ஃபோம்: ஃபோம் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். அம்பு தகடுகளின் விளிம்பில், இரண்டு அடுக்குகளுக்கு நடுவே புகுந்து நிற்கும். ஃபோம் கிழிவது குறைவு. அம்பைப் பிடுங்குவதும் சுலபம். காசு கொடுத்து வாங்குவது என்றால் வீட்டுக்கு இதுவே நல்ல தேர்வு. இதிலும் நடுப்பகுதியை மட்டும் கழற்றி மாற்றும் வசதி உள்ளதை வாங்கினால், முதலில் விலை கூடினாலும் பிறகு மிச்சமாகும். உதிரி நடுப்பகுதி தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

வைக்கோல்: பழைய முறை. நன்கு இறுக்கிக் கயிறுபோல முறுக்கி, வட்டமாகச் சுற்றித் தைத்த வைக்கோல் டார்கெட் அருமையாக உழைக்கும். களத்தில் கட்டிய சாதாரண வைக்கோல் கட்டு அப்படி இல்லை. தளர்வாக இருப்பதால் அம்பு நடுவே நழுவிப் போய்விடும். மழை பட்டால் மக்கும், எலியும் குடி வரும்.

அட்டைப்பெட்டி: பெட்டிகளை ஒரே அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டி அடுக்கி, மேலும் கீழும் பலகை வைத்து, நீளமான போல்ட் போட்டு முறுக்க வேண்டும். அம்பு படுவது அட்டையின் முகத்தில் அல்ல, விளிம்பில். தளர்ந்துபோனால் நட்டை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் போதும். நடுக் கீற்றுகளை எடுத்து ஓரத்தில் வைத்து, ஓரக் கீற்றுகளை நடுவுக்குக் கொண்டுவரலாம். கரையானும் ஈரமும்தான் இதற்கு எதிரி.

துணி மூட்டை: சாக்கில் பழைய துணியை இறுக்கி அடைத்தது. லேசான வில்லுக்கு மிகப் பொருத்தம். அம்பை இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். ஓட்டை விழுந்தாலும் உள்ளே இருக்கும் துணி தானாகக் கலந்து மூடிக்கொள்ளும். மேல் சாக்கு கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். பயிற்சிக்கான மழுங்கிய முனை அம்புகளுக்கு மட்டுமே இது சரி. பிளேடு வைத்த வேட்டை முனை துணியில் சிக்கிக் கிழிக்கும். அந்த முனைக்கு வீட்டில் இடமே கிடையாது.

"திருப்பூர்ல இருந்துட்டு டார்கெட்டுக்கு ஆன்லைன் போறீங்களேண்ணா! உங்க கம்பெனி வாசல்லயே கெடக்குதே" என்று சிரித்தார் பயிற்சியாளர். அவர் சொன்னது பனியன் வேஸ்ட்டை.

மாடியில் பிறந்த மூட்டை

அடுத்த ஞாயிறு அப்பாவும் மகளும் வேலையில் இறங்கினார்கள். பழைய சணல் சாக்குகளைப் பிரித்து விரித்து, சேர்த்து வைத்துக் கோணி ஊசியால் தைத்து, பெரிய தலையணை உறை மாதிரி ஆக்கினார்கள். முக்கால் மீட்டர் சதுரம், ஓர் அடி கனம். பிளாஸ்டிக் சாக்கை அப்பா ஒதுக்கிவிட்டார். வெயிலில் கிடந்தால் அது எப்படிப் பொடிப்பொடியாக உதிரும் என்பது மாடி வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

அடைக்கும் முன் துணியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்கள். பொத்தான், ஜிப், கொக்கி எதுவும் உள்ளே போகக் கூடாது. அதில் பட்டால் அம்பு முனை மழுங்கும், உடல் விரியும், சில நேரம் எகிறும். தையல் கழிவு என்பதால் உடைந்த ஊசித் துண்டு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டியிருந்தது. வேலையிடத்தில் தினமும் பார்ப்பதுதான், அப்பாவுக்குப் பழகிய கை.

ஒரு அடுக்கு துணி போட்டதும் மகள் உள்ளே இறங்கி மிதித்தாள். மறுபடி ஒரு அடுக்கு, மறுபடி மிதி. முக்கியமாக மூலைகளில். மேலே இருந்து சும்மா திணித்தால் நாலே நாளில் துணி கீழே இறங்கி, மேல்பாதி காலியாகிவிடும். காலியான பாதியில் அம்பு நேரே போய்விடும்.

நிரம்பியபோது எடை நாற்பது கிலோவுக்கு மேல். மாடியிலேயே வைத்துச் செய்தது நல்லதாகப் போயிற்று, கீழே செய்திருந்தால் படியேற்றியிருக்க முடியாது. ஹாலோ பிளாக் அடுக்கி அதன்மேல் நிறுத்தி, சாய்ந்து விழாமல் சுவரில் இரண்டு கொக்கி அடித்துக் கயிற்றால் கட்டினார்கள். அம்பைப் பிடுங்கும் வேகத்தில் நாற்பது கிலோ மூட்டை ஒரு சிறுமியின் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. மழைக்கும் இரவுப் பனிக்கும் ஒரு தார்பாய். மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது.

மாடிச் சுவரை நம்பலாமா?

மூட்டை தயார். ஆனால் அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை. "மூட்டையில பட்டா நிக்கும், சரி. படலைன்னா?" என்று கேட்டார். டார்கெட் வாங்கும் பலர் கேட்க மறக்கும் கேள்வி இது.

போட்டி விதிப்படி டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 130 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் பெரும்பாலும் மூன்றடி, அதாவது சுமார் 91 செ.மீ. போட்டி உயரத்தில் டார்கெட்டை நிறுத்திவிட்டுக் கைப்பிடிச் சுவர் காப்பாற்றும் என்று நம்பினால், மையத்துக்குக் குறி வைத்துத் தவறும் அம்பு சுவருக்கு மேலே பறக்கும். அந்தப் பக்கம் தெரு இருக்கும், பக்கத்து வீட்டு வாசல் இருக்கும், பால் வாங்கப் போகும் யாரோ ஒருவர் இருப்பார். குழந்தைகளின் வில்லாயிற்றே என்று அலட்சியம் வேண்டாம். மேல்நோக்கிப் போன அம்பு சில வீடுகளைத் தாண்டித்தான் விழும்.

இந்த வீட்டில் மாடிப்படி முடியும் இடத்தில் ஓர் அறை உண்டு. அதன் கதவில்லாத பக்கச் சுவர் ஆள் உயரத்துக்கும் மேலே. மூட்டையை அந்தச் சுவர் முன் வைத்தார்கள். வெறும் சுவரில் பட்டால் அம்பு உடையும், அல்லது எகிறும். அதனால் அப்பத்தாவின் பழைய பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளித் தளர்வாகத் தொங்கவிட்டார்கள். இழுத்துக் கட்டிய துணியை அம்பு சுலபமாகத் துளைத்துவிடும். தளர்வாகத் தொங்கும் கனமான துணி அம்போடு சேர்ந்து அசைந்து அதன் வேகத்தைக் குடித்துவிடும். மிச்ச வேகத்தைப் பின்னால் இருக்கும் சுவர் பார்த்துக்கொள்ளும். 20 பவுண்டு வில்லுக்கு இந்த ஏற்பாடு. பெரியவர்களின் வில்லுக்கு இது போதாது.

சுவர் இல்லாத இடத்தில் வில் பயிற்சிக்கென்றே நெய்த தடுப்பு வலை கிடைக்கிறது. அதையும் தளர்வாக, அடிப்பகுதி தரையில் புரளும்படி தொங்கவிட வேண்டும். கிரிக்கெட் வலை இதற்கு உதவாது. அது பந்தைப் பிடிக்கும் வலை, அதன் கண்ணி வழியாக அம்பு நுழைந்து போய்விடும்.

கதவுக்கும் ஒரு விதி வந்தது. வில்லைக் கையில் எடுக்கும் முன் மாடிக் கதவை வெளிப்பக்கம் தாழ்போட வேண்டும். யாராவது தட்டினால் அம்பை நாணிலிருந்து எடுத்துத் தரையில் வைத்த பிறகே திறக்க வேண்டும். கொடிக்கயிறு மாடியின் மறுமுனைக்கு மாறியது. "எனக்கு வெயிலும் அங்கதான் நல்லா அடிக்குது" என்றார் அப்பத்தா.

இடம் சின்னது என்றால்...

2020 ஊரடங்கில் மைதானங்கள் மூடிக் கிடந்தபோது, ஹரியானாவின் கைத்தல் மாவட்டத்தைச் சேர்ந்த ஹர்விந்தர் சிங்குக்குக் குடும்ப நிலமே பயிற்சி மைதானம் ஆனது. 2021-ல் நடந்த டோக்கியோ பாராலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அவர், 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் தங்கம் வென்றார். வீட்டருகே செய்யும் பயிற்சி வீண் போகாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். ஆனால் வயலில் தவறிய அம்பு மண்ணில் விழும். நெருக்கமான தெருவில் அப்படி இல்லை. அதனால் வீட்டில் தூரத்தைக் குறைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒலிம்பிக்கில் ரிகர்வ் வீரர்கள் 70 மீட்டர் தள்ளி நின்று 122 செ.மீ. விட்டமுள்ள டார்கெட்டை நோக்கி விடுகிறார்கள். உள்ளரங்கப் போட்டியில் 18 மீட்டர், 40 செ.மீ. முப்பதடி மாடியில் இரண்டுமே முடியாது. ஆனால் 9 மீட்டரில் நின்று 20 செ.மீ. வட்டத்தைப் பார்த்தால், கண்ணுக்கு அது 18 மீட்டரில் உள்ள 40 செ.மீ. வட்டத்தின் அளவே தெரியும். தூரம் பாதி, தாளும் பாதி.

இதனால் இன்னொரு லாபமும் உண்டு. சின்னத் தாள்களை மூட்டையின் நான்கு பகுதிகளிலும் ஒட்டி, சுற்றுக்கு ஒன்றாக மாற்றி மாற்றி விடலாம். தேய்மானம் நான்காகப் பிரிந்துவிடும். ஒரே நடுவில் ஒரே தாள் என்பதுதான் பழைய டார்கெட்டைக் கொன்றது.

மூன்று முதல் ஐந்து மீட்டரில், தாளே ஒட்டாமல் விடும் பயிற்சியும் உண்டு. குறியை மறந்துவிட்டு நிற்கும் விதம், இழுக்கும் விதம், விடும் விதம் மூன்றில் மட்டும் கவனம் வைப்பது. ஜப்பானின் கியூடோ வில்வித்தையில் இறுக்கிக் கட்டிய வைக்கோல் உருளை ஒன்று உண்டு. மகிவாரா என்று பெயர். அதன் முன் சுமார் இரண்டு மீட்டரில், கிட்டத்தட்ட ஒரு வில் நீளத்தில் நின்றே அம்பு விடுவார்கள். அவ்வளவு கிட்டத்தில் குறி தவற வாய்ப்பு மிகக் குறைவு. அடுக்குமாடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் சின்ன மாடிக்காரர்களுக்கும் இது பெரிய ஆறுதல்.

பிடுங்கத் தெரிந்தால் ஆயுள் கூடும்

டார்கெட் கிழிவது அம்பு உள்ளே போகும்போது மட்டுமல்ல, வெளியே வரும்போதும்தான். அம்பை மேலும் கீழும் ஆட்டிப் பிடுங்கினால் ஓட்டை அகலமாகும், அம்பும் வளையும். ஒரு உள்ளங்கையால் டார்கெட்டை அழுத்திக்கொண்டு, மறு கையால் டார்கெட்டை ஒட்டினாற்போல் அம்பைப் பிடித்து, நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். வழுக்கினால் பழைய சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பிடிக்கலாம். ஃபோமில் இறுகிவிட்டால் அடுத்த முறை அம்பின் முன்பாகத்தில் லேசாகச் சோப்புக் கட்டியைத் தேய்த்துவிட்டு விடலாம்.

இழுப்பவருக்குப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. சட்டென்று வெளியே வரும் அம்பின் வால் முனை கண்ணில் குத்திவிடும். டார்கெட்டை நோக்கி ஓடவும் கூடாது. தடுக்கி விழுந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் அம்பு வால்கள் முகத்துக்கு நேராக இருக்கும். பிடுங்கிய ஒவ்வொரு அம்பிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீண்டும் நாணில் ஏற்ற வேண்டும். விரிந்த கார்பன் அம்பு விடும்போதே உடைந்து கையில் சிராய்களாக ஏறக்கூடும்.

வாங்கும் முன் ஆறு கேள்விகள்

1. வில் எத்தனை பவுண்டு? டார்கெட் அந்த வில்லுக்கு ஏற்றது என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறாரா?

2. வாரத்துக்கு எத்தனை அம்பு விடப்போகிறார்கள்? மாதக் கணக்கைவிட இந்தக் கணக்கே ஆயுளைச் சொல்லும்.

3. நடுப்பகுதியை மட்டும் மாற்ற முடியுமா? உதிரி கிடைக்குமா?

4. அளவு போதுமா? மிக நல்ல அம்பை அல்ல, மிக மோசமான அம்பைப் பிடிக்கும் அளவு வேண்டும். பழகும் பிள்ளைக்கு 60 செ.மீ. சதுரத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது.

5. எங்கே வைக்கப்போகிறார்கள்? வெயிலில் ஃபோம் நொறுங்கும், மழையில் துணியும் வைக்கோலும் மக்கும், தரையில் அட்டையைக் கரையான் தின்னும். மூடி வைக்கவும் தரையிலிருந்து உயர்த்தி வைக்கவும் வழி இருக்கிறதா?

6. டார்கெட்டில் படாத அம்பும், டார்கெட்டைத் துளைத்த அம்பும் எங்கே போய் நிற்கும்? இதற்குப் பதில் இல்லை என்றால் மற்ற ஐந்துக்கும் பதில் இருந்தாலும் வாங்க வேண்டாம்.

வாங்கிய பிறகு ஒரு சின்னச் சோதனை. புது டார்கெட்டின் ஒரு மூலையில், கிட்ட நின்று ஆறு அம்பு விட்டுவிட்டுப் பின்பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். முனை எங்காவது எட்டிப் பார்த்தால் அந்த வில்லுக்கு அந்த டார்கெட் சரிப்படாது.

அம்மாவின் சாக்பீஸ்

திருப்பூர் மாடியில் இப்போது சனிக்கிழமைதோறும் ஒரு வேலை நடக்கிறது. வில்லைத் தொடும் முன் மகள் மூட்டையின் கயிற்றை அவிழ்க்கிறாள், அப்பா அதை முன்னால் நகர்த்துகிறார். அம்மா அதன் முதுகில் கை வைத்துத் தடவிப் பார்க்கிறார். எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் விழுந்தால் அன்று பயிற்சி கிடையாது. தையலைப் பிரித்து, புதிதாகத் துணி அடைத்து, மிதித்து, மறுபடி தைத்த பிறகுதான்.

போன சனிக்கிழமை முதல் வட்டம் விழுந்தது. சரியாக நடுவில். மகள் முகம் வாடிவிட்டது. அப்பத்தா வந்து அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார்.

"ஏஞ்சாமி மூஞ்சியத் தூக்கிட்டு நிக்கற? நடுவுல தேஞ்சிருக்குதுன்னா நீ நல்லா விடறேன்னுதான அர்த்தம்?" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்த நான்கு ஓட்டைச் சேலை. "இதையும் உள்ள போட்டு அடை" என்று பேத்தியிடம் நீட்டினார்.